"மூச்சை இழுத்து விடு" என்று கத்தினால் குழந்தை அடங்காது

நாலரை வயதுப் பையன். விளையாடிக்கொண்டிருந்த பொம்மைக் காரை நான் வாங்கி அலமாரியில் வைத்ததும் தரையில் விழுந்து உதைத்து அழ ஆரம்பித்தான். அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு "மூச்சை இழுத்து விடு, நல்லா இழுத்து விடுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் குரல் ஏற ஏற அவன் குரலும் ஏறியது. அந்த அம்மாமேல் தப்பே இல்லை, எங்கேயோ பார்த்ததை நல்ல மனசோடு செய்கிறார். ஆனால் குழந்தைகள் மனநல ஆலோசகராக இந்தக் காட்சியை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் சொல்லிக்கொடுக்க முடியாது இல்லையா, அதுபோலத்தான் இதுவும். ஆத்திரத்தை அடக்கி யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி நம் எல்லோருக்குமே இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுசாக வளர்ந்து முடிகிறது. நாலு வயதில், அதுவும் அழுகையின் உச்சத்தில், நீங்கள் சொல்வது காதில் விழும், ஆனால் செய்ய வராது. அதனால் பழக்குவதெல்லாம் குழந்தை சந்தோஷமாக இருக்கும்போது. குளித்த பிறகோ தூங்கப் போகும்போதோ இரண்டு நிமிஷம் போதும், ஆனால் தினமும்.

எதைப் பழக்குவது? வெளிமூச்சை நீட்டுவதை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை இது. மெதுவாக, நீளமாக விடத் தெரிந்துவிட்டால் உடம்பு தணிய வழி கிடைக்கிறது. ஆனால் "மெதுவா விடு" என்றால் குழந்தைக்குப் புரியாது, சோப்புத் தண்ணீரில் பெரிய குமிழி ஊதச் சொல்லுங்கள், வேகமாக ஊதினால் உடைந்துவிடும் என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஓலைக் காத்தாடியை நிற்காமல் சுற்ற வைக்கலாம். வண்டு மாதிரி "ம்ம்ம்" என்று ரீங்காரம் போடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நம் கபடியே இருக்கிறது, ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போய்த் திரும்புவது நீண்ட வெளிமூச்சு இல்லாமல் வேறென்ன! எனக்கு ரொம்பப் பிடித்தது, படுக்க வைத்து வயிற்றின்மேல் ஒரு சின்னப் பொம்மையை வைத்து அதை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்வது.

பெரியவர்களுக்குச் சொல்கிற "நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி அடக்கு" கணக்கெல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம். நமக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் இவர்களுக்கு 20 முதல் 30 வரை ஓடும். வீசிங் உள்ள குழந்தையிடம் மூச்சை அடக்கும் விளையாட்டே கூடாது.

அப்புறம், கண்ணை மூடி உட்கார வைப்பது. மைண்ட்ஃபுல்னெஸ் (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிப்பது) என்று இன்று எங்கும் பேசப்படுவது, 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சியிலிருந்து பரவியது. தீராத வலியோடு வாழும் பெரியவர்களுக்காக வந்த பயிற்சியை யூ.கே.ஜி. பிள்ளைகள்மேல் அப்படியே ஏற்றக்கூடாது. ஒரு பள்ளியில் பத்து நிமிஷம் கண்ணை மூட வைத்து, திறந்த பிள்ளையை வெளியே நிற்க வைத்தார்கள் என்று ஒரு தாய் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. அந்தக் குழந்தைக்கு இனிமேல் அமைதி என்றாலே தண்டனைதான். பயந்த அனுபவம் உள்ள சில குழந்தைகளுக்குக் கண்ணை மூடுவதே பயம். திறந்த கண்ணோடே கவனத்தைப் பழக்கலாம்: பூஜை மணியை ஒருமுறை அடித்து, சத்தம் முழுசாக அடங்கியதும் கை தூக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சுப் பழத்தை உரிக்கவிட்டு, தோலைக் கசக்கி முகரச் சொல்லுங்கள், மூக்கில் ஏறும் வாசனையை அவர்கள் வாயால் சொல்லட்டும்.

சரி, அழுகை வந்தேவிட்டால்? முதலில் பசியா, தூக்கமா, காதுவலியா என்று பாருங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், என்னிடம் வரும் பல வீடுகளில் பதினொரு மணிக்கும் டிவி ஓடுகிறது. அப்புறம் பேச்சைக் குறைத்து, குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, நீங்கள் நீளமாக மூச்சு விடுங்கள். பாட்டிகள் தோளில் போட்டு ஒரே தாளத்தில் முதுகில் தட்டுவார்களே, புத்தி சொல்ல மாட்டார்கள், தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதையே செய்யுங்கள்.

தலையை முட்டிக்கொள்வது, தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது, தினமும் வெகுநேரம் அடங்காமல் அழுவது, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைத்துக்கொள்வது, இதெல்லாம் மூச்சுப் பயிற்சியில் தீராது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்த்து வளர்த்து நீங்களே களைத்துப்போயிருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்தப் பையனுக்கு வயிற்றுப் பொம்மையாக அவனுடைய காரையே கொடுத்தோம், மேடு ஏறி இறங்கும் கார். மூன்று வாரம் கழித்தும் அழுகை நிற்கவில்லை. ஆனால் போன வாரம் என் அறையில் அழுதுகொண்டே அவனாகவே தரையில் மல்லாந்து படுத்து, காரைத் தேடிக் கையை நீட்டினான். அம்மா ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.