சாட்சி மாற்றிச் சொன்னால் பழைய வாக்குமூலம் என்ன ஆகும்?

கொலை வழக்கின் முக்கியச் சாட்சி கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கவில்லை, போலீஸ் என்னை விசாரிக்கவே இல்லை" என்கிறார். மறுநாள் செய்தித்தாளில் 'பிறழ் சாட்சி' என்று வருகிறது. இதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: அவர் போலீசிடம் சொன்னது எழுத்தில் இருக்கிறதே, நீதிபதி அதைப் படித்துத் தீர்ப்பு எழுதினால் என்ன?

இந்தியாவில் முடியாது. பிரான்சில் பெருமளவு முடியும். இங்கிலாந்தில் 2005 வரை முடியாது, அதன்பின் முடியும். இத்தாலியில் முடியாது, ஆனால் சாட்சியை மிரட்டியிருந்தால் முடியும். ஒரு நாட்டின் விசாரணை முறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

அடிப்படை தெரிந்ததுதான். ஆங்கிலேய மரபில் வழக்கை நடத்துவது இரு தரப்பு வழக்கறிஞர்கள், நீதிபதி நடுவர். பிரான்சு, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளின் மரபில் உண்மையைத் தேடும் பொறுப்பு நீதிபதியுடையது. சாட்சியை முதலில் கேள்வி கேட்பவரும் அவரே.

இந்தியாவில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, வக்கீல்கள் இன்னும் '161 ஸ்டேட்மென்ட்' என்றே சொல்கிறார்கள். 2024 ஜூலை முதல் அது புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 180ஆம் பிரிவு. அதில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீஸ் தானே எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிவிடும் என்ற பயம்தான் காரணம், அதற்கு வரலாறும் உண்டு. மதராஸ் ராஜதானியில் வரிவசூலிலும் குற்ற விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஒரு விசாரணைக் குழு 1855இல் அறிக்கை தந்தது. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. அந்த அவநம்பிக்கை இன்றும் அப்படியே தொடர்கிறது.

ஆகவே 161 வாக்குமூலம் அரசுத் தரப்புக்கு ஆதாரம் ஆகாது. சாட்சி கூண்டில் அதையே திரும்பச் சொன்னால், "பாருங்கள், அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்" என்று வலுச்சேர்க்கவும் அதைக் காட்ட முடியாது. அதற்கு உள்ள ஒரே வேலை, அதைச் சொன்னவரையே முரண்படுத்துவது. எதிர்த்தரப்பு இதைத் தாராளமாகச் செய்யலாம். சொந்தச் சாட்சி பிறழ்ந்தால் நீதிமன்றத்தின் அனுமதியோடு அரசு வக்கீலும் செய்யலாம்.

இந்த முரண்படுத்தும் வேலைக்குத் துல்லியமான படிகள் உண்டு. அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி, அதாவது அ.சா.2, தன்னை அழைத்த தரப்பே கேள்வி கேட்கும் முதல் விசாரணையில் 'குத்தியவர் தெற்குச் சந்து வழியாக ஓடினார்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீசிடம் சொன்னது வடக்குச் சந்து. குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் எடுத்த எடுப்பில் போலீஸ் வாக்குமூலத்தைத் தொட மாட்டார். தெற்குச் சந்து எவ்வளவு அகலம், அங்கே வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு தூரம் வரை பார்த்தீர்கள் என்று கேட்டுச் சாட்சியைத் தெற்கிலேயே நன்றாக நிறுத்திவிடுவார். பிறகுதான், "போலீஸ் விசாரணையில் வடக்குச் சந்து என்று சொன்னீர்களா?" என்பார். "ஆமாம்" என்று பதில் வந்தால் முரண்பாடு அங்கேயே நிரூபணம். "இல்லை" என்றால், வாக்குமூலத்தின் அந்த வரியை மட்டும் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பகுதியை அடைப்புக்குறிக்குள் எடுத்து, சாட்சியத்திலேயே பதிவு செய்து, பின்னர் நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எதிர்த்தரப்பு ஆவணமாகக் குறியிட வேண்டும். சாட்சியத்தில் அது இப்படி ஏறும்: 'நான் போலீஸ் விசாரணையில் வடக்குச் சந்து வழியாக ஓடினார் என்று சொன்னேன் என்றால் சரியல்ல.'

வேலை இன்னும் முடியவில்லை. மாதங்கள், சில நேரம் வருடங்கள் கழித்து, பெரும்பாலும் கடைசிச் சாட்சியாகப் புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறுவார். 'அ.சா.2 என்னிடம் வடக்குச் சந்து என்று கூறினார்' என்று அவர் வாயால் வந்தால்தான் முரண்பாடு நிரூபணம் ஆகும். 2015இல் உச்ச நீதிமன்றம் இந்தப் படிகளை மறுபடி விளக்கிச் சொல்ல நேர்ந்தது. விசாரணை நீதிமன்றங்களில் எவ்வளவு தவறுகிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. அதிகாரியிடம் கேட்க வேண்டியதை வக்கீல் மறந்துவிடுவார். குறிப்பிட்ட வரியைக் காட்டாமல் 'போலீசில் வேறு மாதிரி சொன்னீர்கள்' என்று மொத்தமாகக் கேட்டு விட்டுவிடுவார். முழு வாக்குமூலத்தையும் ஆவணமாகக் குறியிட்டுவிடுவார்கள். சில நீதிபதிகள் நிரூபிக்கப்படாத வாக்குமூலத்தைத் தாங்களே புரட்டிப் பார்த்துத் தீர்ப்பில் எழுதிவிடுவார்கள். மேல்முறையீட்டில் அது நிற்காது.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது? வடக்கே ஓடினார் என்பது நிரூபணம் ஆகவில்லை. தெற்கு என்ற பேச்சின் நம்பகம் மட்டும் குறைந்தது. இந்தக் கருவிக்குக் கழிக்கத் தெரியும், கூட்டத் தெரியாது. சட்டத்தில் இதைவிட அழகான வடிவமைப்பு அதிகம் கிடையாது என்பது என் கருத்து.

போலீசிடம் சொல்லாமல் விட்டதைக் கூண்டில் புதிதாகச் சொன்னால்? தாசில்தார் சிங் வழக்கில் (1959) எழுந்த சிக்கல் இதுதான். 'சம்பவ இடத்தில் கேஸ் லாந்தர் இருந்ததைப் புலன் விசாரணை அதிகாரியிடம் சொன்னீர்களா?' என்று சாட்சியைக் கேட்கலாமா என்பது ஆறு நீதிபதிகள் முன்னால் போனது. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சொன்னதும் விட்டதும் சேர்ந்து நிற்க முடியாதபோதுதான் விடுபடல் முரண்பாடு ஆகும் என்றது. குத்தியவர் கறுப்பு நிறம் என்று போலீசிடம் சொன்னால், சிவப்பு நிறம் இல்லை என்றும் அதற்குள்ளேயே சொல்லியாகிவிட்டது. மேலே சொன்ன வடக்கு, தெற்குச் சந்துகளும் அந்தத் தீர்ப்பின் உதாரணமே. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தி, முக்கியமான விடுபடலும் முரண்பாடு ஆகலாம், அது அந்தந்த வழக்கின் சூழலைப் பொறுத்தது என்று விளக்கம் சேர்த்தது.

குறுக்கு விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கலாம். முதல் விசாரணையில் பொதுவாக அப்படிக் கேட்கக் கூடாது. 1872 சாட்சியச் சட்டத்திலேயே இருந்த இந்த விதிக்கான காரணத்தை 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். கார் விபத்துப் படம் பார்த்தவர்களிடம் கார்கள் 'நொறுங்கியபோது' என்ன வேகம் என்று கேட்டால் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்கு மேல், 'தொட்டபோது' என்று கேட்டால் 31.8. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றதற்கு 'நொறுங்கிய' குழுவில் 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். 'மோதிய' குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஞாபகம் இவ்வளவு எளிதில் வளையும் என்று தெரிந்த பிறகும் நார்கோ ஊசி (அரை மயக்கத்தில் பேச வைக்கும் மருந்து) போட்டால் உண்மை வந்துவிடும் என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். ஒருவரின் சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால் அது ஊசி போட்டுக் குறி கேட்பது; அந்தப் பணத்தில் தடய அறிவியல் கூடங்களுக்கு ஆள் போடலாம்.

இதே சாட்சி, பிரான்சில் கொலை போன்ற கடுங்குற்றங்களை விசாரிக்கும் அசீஸ் நீதிமன்றத்தில் நின்றால் காட்சி மாறும். கடுங்குற்றம் என்பதால் விசாரணைக்கு முன்பே ஒரு புலனாய்வு நீதிபதி மாதக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டு, நிபுணர் அறிக்கைகள் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டியிருப்பார். விசாரணை நாளில் மூன்று நீதிபதிகளும் பொதுமக்களில் குலுக்கிய ஆறு ஜூரிகளும் வரிசையாக அமர்வார்கள். சாட்சி முதலில் இடையூறு இல்லாமல் தன் போக்கில் சொல்லலாம். ஞாபகத்தைக் கெடுக்காத வழி இதுதான் என்பதால் இந்த இடத்தில் பிரெஞ்சு முறைக்குத்தான் என் ஓட்டு. பிறகு தலைமை நீதிபதி கேட்பார், அதன்பின் வக்கீல்கள். சாட்சி மாற்றிப் பேசினால் தலைமை நீதிபதியே கோப்பைத் திறந்து பழைய வாக்குமூலத்தைப் படிப்பார். எதை நம்புவது என்பதற்குத் தனி விதி இல்லை; 'மனதார நம்புகிறீர்களா' என்பது ஒன்றே கேள்வி. குற்றவாளி என்று சொல்ல ஒன்பது பேரில் ஏழு பேர் வேண்டும். கோப்பை முன்பே முழுதாகப் படித்தவர் தலைமை நீதிபதி, ஜூரிகள் படித்ததில்லை. அவர் கேள்வி போகும் திசையிலேயே மற்றவர்கள் மனமும் போகும் ஆபத்து அங்கே எப்போதும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவரை புதுச்சேரி அந்தச் சட்டக் குடும்பத்தில்தான் இருந்தது.

இத்தாலி இரண்டையும் இணைக்கப் பார்த்தது. 1989இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கோப்பை இரண்டாக உடைத்தது. போலீசும் அரசு வக்கீலும் திரட்டியது ஒரு கட்டு. நீதிபதி கைக்குப் போவது ஏறக்குறைய வெறுங்கட்டு. 1992இல் அரசியல் சட்ட நீதிமன்றம் பழைய வாக்குமூலங்களுக்கு மீண்டும் கதவைத் திறந்துவிட்டது. நாடாளுமன்றம் 1999இல் அரசியல் சட்டத்தையே திருத்தி அதை அடைத்தது. ஆனால் ஒரு சந்து விட்டுவைத்தார்கள்: சாட்சியை அடித்தோ மிரட்டியோ பணம் கொடுத்தோ மாற்றியதற்கு அடையாளம் இருந்தால், பழைய வாக்குமூலம் ஆதாரமாகவே உள்ளே வரும். இங்கிலாந்தில் 2005இல் நடைமுறைக்கு வந்த 2003 சட்டமோ, முரண்பாடு நிரூபணமானாலே பழைய பேச்சும் ஆதாரம் என்று சொல்லிவிட்டது.

வாசகர் கேட்டது இந்தியாவில் நடக்க வேண்டுமானால், இத்தாலியின் அந்தச் சந்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் வாக்குமூலம் ஒலி, ஒளிப் பதிவாக இருக்க வேண்டும்; புதிய சட்டம் அதை அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. சாட்சி பிறழ்வார் என்று தோன்றினால் மாஜிஸ்ட்ரேட் முன் சத்தியம் செய்து கையெழுத்திடும் 183ஆம் பிரிவு வாக்குமூலம் (பழைய 164) இன்றும் கிடைக்கிறது. அதை வலுச்சேர்க்கவும் பயன்படுத்தலாம், ஆனால் அது மட்டுமே தண்டனைக்குப் போதாது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாநிலங்கள் தனித்தனியே அறிவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 398ஆம் பிரிவு. பாதுகாப்பு கேட்டு மனுப் போட வேண்டிய இடம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு.