இருட்டை அளக்கும் சம்பா

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாப்பிள்ளைச் சம்பாவை ஒரு வயலில் ஆடிக் கடைசியில் விதைத்தோம். இன்னொரு வயலுக்கு ஆவணிக் கடைசிதான் வாய்த்தது. ஒரு மாதம் முன்பின். ஆனால் கதிர் வந்ததோ ஒரு வார இடைவெளியில். தாமதமாக விதைத்தது எப்படி ஓடிப்போய்ப் பிடித்தது?"

அது ஒன்றும் ஓடவில்லை சார். முன்னால் விதைத்ததுதான் காத்துக்கொண்டு நின்றது.

நெல் ஒரு குறும்பகல் தாவரம் என்று பள்ளியில் படித்திருப்போம். பகல் குறைந்து இரவு நீளும்போது பூக்கிற வகை. தண்டுருண்டதிலிருந்து, அதாவது தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து, பூ வர சுமார் ஒரு மாதம், பூவிலிருந்து அறுப்புக்கு இன்னொரு மாதம். இந்த இரண்டும் பெரிதாக மாறாது. அதற்கு முந்தைய இலைப் பருவம்தான் ரப்பர் மாதிரி இழுபடும். நம் பழைய சம்பா ரகங்கள் இரவு போதுமான அளவு நீளும்வரை தூர் கட்டிக்கொண்டே, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகளை விட்டுக்கொண்டே, இருக்கும். நீண்ட பிறகுதான் கதிருக்கு வேலையைத் தொடங்கும்.

இதில் என்ன பெரிய ஆச்சரியம் என்றால், நம் ஊரில் இரவு அப்படி ஒன்றும் நீண்டுவிடுவதில்லை. தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகியது சுமார் 11 மணி 30 நிமிடம். மொத்த வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரம். பகல் வேகமாகச் சுருங்குகிற புரட்டாசியில்கூட ஒரு நாளைக்கு முக்கால் நிமிடத்துக்கும் குறைவாகத்தான் சுருங்கும். நமக்குக் கடிகாரம் இல்லாவிட்டால் தெரியவே தெரியாது. நெல்லுக்குத் தெரிகிறது. மலேசியாவின் மலாக்காவில் நிலைமை இன்னும் மோசம்; ஆண்டு முழுக்கப் பகலில் 14 நிமிடம்தான் ஏற்ற இறக்கம். அங்கே 'சயாம் 29' என்ற நெல் ரகம் பூக்க, செப்டம்பரில் விதைத்தால் 161 நாளும், ஜனவரியில் விதைத்தால் 329 நாளும் எடுத்தது என்று 1959-இல் ஓர் ஆய்வு வெளியானது. 14 நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு புல் இந்த வேலை பார்க்கிறது!

எப்படி அளக்கிறது? இலைக்குள் ஒரு நாள் கடிகாரம் ஓடுகிறது. அதன் தாளத்துக்கு ஏற்ப ஹெச்டி1 என்ற புரதம் பகலில் குறைந்தும், பொழுது சாய்ந்த பிறகு பெருகியும் வரும். ஒளி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது பைட்டோகுரோம் என்ற நிறமியின் வேலை. ஹெச்டி1 பெருகுகிற நேரத்தில் வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தால், பைட்டோகுரோமின் தயவால் அது பூப்பதைத் தடுக்கிற ஆளாகிவிடும். அதே நேரம் இருட்டிவிட்டிருந்தால், அதே புரதம் பூக்கத் தூண்டுகிற ஆளாகிவிடும். ஆள் ஒருவரே. வாசலைப் பூட்டுவதும் அவர், திறப்பதும் அவர். அவர் பணிக்கு வரும்போது விளக்கு எரிகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இதை எத்தனை தடவை யோசித்தாலும் அலுக்கவில்லை.

வாசல் திறந்ததும் இலையில் ஹெச்டி3ஏ என்ற இன்னொரு புரதம் உருவாகி, புளோயம் என்ற உணவுக் குழாய் வழியே இறங்கித் தண்டின் குருத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதுவரை இலை இலையாகப் போட்டுக்கொண்டிருந்த குருத்து அன்றிலிருந்து கதிரைச் செதுக்கத் தொடங்கும். இலையிலிருந்து ஏதோ ஒரு தூது போகிறது என்று 1930-களிலேயே சோவியத் விஞ்ஞானி மிகயில் சைலக்யான் செவ்வந்தியில் சோதித்துச் சொன்னார், 'ஃபுளோரிஜன்' என்று பெயரும் வைத்தார். நெல்லில் அந்தத் தூது ஹெச்டி3ஏ புரதம்தான் என்று ஜப்பானியக் குழு ஒன்று காட்டியது 2007-இல். நடுவில் எழுபது ஆண்டு. 'இதனால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடும்?' என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்டு நிதியை நிறுத்துகிற வழக்கம் எல்லா இடத்திலும் இருந்திருந்தால் இது கிடைத்தே இருக்காது.

இரவின் நடுவே 10 நிமிடம் விளக்கைப் போட்டாலே ஹெச்டி3ஏ அடங்கிவிடும் என்பதும் ஆய்வுக்கூடத்தில் பார்த்த விஷயம். நான் வயலிலேயே பார்த்தேன். சாலையோரத்து விளக்குக் கம்பத்தடியில், சுற்றிலும் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருக்க, அரைவட்டமாக ஒரு திட்டு மட்டும் கருகரு என்று பச்சையாக நின்றது. வரப்பில் நின்ற பெரியவர் கண்ணேறு என்றார். பூசணிக்காய் கட்டிய கொம்பும் நட்டிருந்தார். விளக்குக்கு ஒரு தகர மறைப்பு மாட்டினால் போதும் என்றேன், சிரித்தார். நிலா வெளிச்சம் மட்டும் கெடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு; முழுநிலவே 0.3 லக்சுக்கு மேல் தராது. கம்பத்தடியில் அதைப்போலப் பல மடங்கு.

சரி, நெல்லுக்கு ஏன் இந்தப் பாடு? தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த அடைமழையில் பூத்தால் மகரந்தம் கரைந்து பதராகும். நெற்பூ திறந்திருப்பதே முற்பகலில் ஒரு மணி நேரம் போலத்தான். மழை ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். இரவின் நீளம் மட்டும் பிசகாது. அதை நம்பிப் பூப்பதைத் தள்ளிப்போட்ட ரகங்களைத்தான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பா பருவத்துக்கு எடுத்து வைத்தார்கள். குறுவைப் பருவத்துக்கு விதைக்கும் குறுகிய கால ரகங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 தொடங்கி, ஒளிக்காலத்தை, அதாவது பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்களாகப் பார்த்து வளர்த்தெடுத்தார்கள். அவை நாளை எண்ணும், இரவை அளக்காது. ஒரு மாதம் தாமதமாக விதைத்தால் ஒரு மாதம் தாமதமாகவே கதிர் வரும்.

இனி அந்தத் திருவாரூர் வாசகருக்கு. உங்கள் இரண்டாவது வயலில் கதிர் நேரத்துக்கு வந்திருக்கும், ஆனால் தூர் குறைந்திருக்கும். எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த முறையும் ஆவணிக் கடைசிக்குத் தள்ளிப்போனால், நடவின்போது இடைவெளியைக் குறைத்து, குத்துக்கு இரண்டு நாற்று கூடுதலாக வையுங்கள். தூர் கட்ட அதற்கு நாள் இருக்காது.