திரையில் தெரியும் துடிப்பு: மனச்சோர்வுக்கு ஒரு மூச்சுப் பயிற்சி

பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கும்போது, அவர்கள் அறியாமலே அவர்களுடைய இதயம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முகம் நீரில் அமிழ்ந்து மூச்சும் நின்றவுடன், மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டிலிருந்து, அதை இதயத்தோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியே இறங்கும் கட்டளைதான் அதற்குக் காரணம். கையிருப்பு ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவிட உடல் கண்டுகொண்ட வழி அது. அதே நரம்பைக் கரையில் உட்கார்ந்தபடி, மூச்சை அடக்காமல் நிதானமாக இழுத்து விட்டே பழக்க முடியும். உடலின் இயக்கத்தைக் கருவி வழியே திரையில் பார்த்தபடியே அதை மாற்றப் பழகுவதற்கு பயோஃபீட்பேக் என்று பெயர். அந்தப் பின்னூட்டப் பயிற்சிகளுள், மனச்சோர்வுக்கு அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று இதை அடிப்படையாகக் கொண்டது.

கடலோர ஊர் ஒன்றில் உளவியல் ஆலோசகர் ஒருவர் இப்பயிற்சியைத் தொடங்கிவைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். வந்திருந்த பெண் பல ஆண்டுகளாகப் பாசி எடுப்பவர். நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவரிடம் போனவருக்கு இ.சி.ஜி.யில் குறையில்லை, ஆனால் இரண்டு மாதங்களாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, கடலுக்குப் போகவும் மனம் வரவில்லை. விரல் நுனியில் மாட்டிய உணர்கருவியால் அவருடைய நாடியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. பாறையும் சிப்பியும் கீறிக் கீறி அந்த விரல்களின் தோல் காய்த்துப்போயிருந்தது. ஆலோசகர் கருவியைக் காது மடலுக்கு மாற்றிய பிறகே, இதயத் துடிப்பின் வேகத்தைக் காட்டும் கோடு திரையில் ஓடத் தொடங்கியது. முதலில் முள்வேலிபோல ஒழுங்கற்றிருந்த கோடு, மூச்சு நிதானப்பட்டதும் சில நிமிடங்களில் ஏறி இறங்கும் மேடுகளாக மாறியது. “இது என் நெஞ்சா?” என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

அந்த மேடுகள் எப்படி உருவாகின்றன என்பதுதான் இப்பயிற்சியின் உயிர்நிலை. நலமான இதயம் கடிகாரம்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரைவாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. இதோடு இன்னொரு சுற்றும் நடக்கிறது. துடிப்பு கூடினால் இரத்த அழுத்தம் உயர்கிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அதை அறிந்து மூளைத்தண்டுக்குச் சொல்ல, வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. இந்தச் சுற்றில் ஏறத்தாழ 5 விநாடித் தாமதம் உண்டு. ஆகவே ஏற்றத்துக்கு 5, இறக்கத்துக்கு 5 என ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை அது இயல்பாகவே ஊசலாட முனைகிறது. குழந்தையின் தூளியை ஆட்டும் தாய், அது தன்னிடம் திரும்பி வரும் நொடி பார்த்துத் தொட்டால் சிறு விசையே பெரிய வீச்சைத் தருமல்லவா? அதுபோல, நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் சுவாசிக்கும்போது மூச்சின் தாளமும் அழுத்தச் சுற்றின் தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகுகிறது. இந்த அளவு ஆளுக்கு ஆள் நான்கரைக்கும் ஆறரைக்கும் இடையே மாறும். உயரமானவர்களுக்கு இன்னும் நிதானமான மூச்சே பொருந்துவதுண்டு. அவரவர்க்கு உரிய வேகத்தைக் கண்டறியவே கருவியும் திரையும் தேவைப்படுகின்றன.

மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் சராசரியாகக் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை என்பதால், தாளத்தைச் சீராக்கினால் உணர்ச்சிகளை ஆளும் பகுதிகளுக்கும் அதன் பலன் எட்டலாம் என ஆய்வாளர்கள் கருதினர். 2007-இல் 11 நோயாளிகளைக் கொண்ட சிறிய ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது. 2021-இல் 14 ஆய்வுகளில் பங்கேற்ற 794 பேரின் முடிவுகளைத் தொகுத்தபோது, மனச்சோர்வு அறிகுறிகள் குறைவது உண்மைதான் என்றும், அந்தக் குறைவு சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது என்றும் தெரியவந்தது. மருந்தையோ உளவியல் சிகிச்சையையோ நிறுத்திவிட்டு நம்பத்தக்க வழியல்ல இது. அவற்றுக்குத் துணையாக நிற்பது.

இந்தக் கடற்கரையில் அந்தத் துணைக்குத் தனி மதிப்பு உண்டு என்பது என் எண்ணம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட துயரத்தைக் கண்ட மாவட்டம் இது. மனநோய் என்ற சொல்லுக்கே அஞ்சி, படபடப்பு, அசதி, தலைபாரம் என்று உடலின் பெயரில் மட்டும் முறையிடுபவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். அவர்கள் சொல்லும் உடலிலிருந்தே தொடங்குகிறது இப்பயிற்சி. எதைச் செய்தும் பயனில்லை என்று நம்பிவிட்ட ஒருவர், தன் மூச்சுக்குத் தன் இதயம் கட்டுப்படுவதைக் கண்ணால் காண்பது சிறிய செய்தியன்று.

பயிற்சி பொதுவாக நாளுக்கு இருமுறை, 20 நிமிடம் வீதம், சில வாரங்கள் நீளும். மூச்சை வலிந்து ஆழமாக இழுத்தால் தலை சுற்றும். மெதுவாக விட்டால் போதும், நிறைய இழுக்க வேண்டியதில்லை. சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் பயிற்சிக்காகக் காத்திராமல், அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் ஆலோசகர் அழுத்திச் சொன்ன செய்தி ஒன்று உண்டு: கடலில் இறங்கும் முன் இதைச் செய்யக் கூடாது. மூழ்குவதற்கு முன் அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மேலே வரவேண்டும் என்ற உந்துதல் தாமதமாகும். நீருக்குள்ளேயே நினைவு தப்பலாம். எனவே அவர் பாசியைக் கரையேற்றி, மணலில் காயப்போட்ட பிறகுதான் உட்காருகிறார். ஐந்தாவது வாரத்திலிருந்து காதுக் கருவி இல்லாமல், மனத்துக்குள் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுகிறார்.