மீளிழை: ‘ஸ்பான்டெக்ஸ்’ என்ற சொல்லும் அதற்கேற்ற தமிழும்

ஓட்டக்காரரின் கால்சட்டை, நீச்சலுடை, உடற்பயிற்சி உடை என எதன் உட்புறச் சீட்டைப் பார்த்தாலும் ஸ்பான்டெக்ஸ், எலாஸ்டேன், லைக்ரா என்ற பெயர்களில் ஒன்று தென்படும். மூன்றும் ஒரே வகை இழை. முதலாவது வட அமெரிக்காவில் வழங்கும் பொதுப்பெயர், இரண்டாவது ஐரோப்பாவின் பொதுப்பெயர், லைக்ரா வணிகப்பெயர். எடையில் குறைந்தது 85 விழுக்காடு பாலியூரித்தேன் வகைப் பொருளால் ஆன இந்தச் செயற்கை இழை, தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குவரை நீண்டு, விட்டதும் ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிடும்.

அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலர் 1958-இல் இதை உருவாக்கினார். உள்ளாடைகளில் இருந்த ரப்பருக்கு மாற்றாகவே இது வந்தது. ‘விரிகிறது’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்பான்ட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் ‘ஸ்பான்டெக்ஸ்’ கிடைக்கும். ‘எலாஸ்டேன்’ என்பதன் வேர், ‘உந்துதல்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்.

பெயர் விரிவைச் சொல்கிறது. ஆனால் விரிவதற்கு இந்த இழை தேவையே இல்லை. நீளவாட்டு நூலான பாவும் அகலவாட்டு நூலான ஊடும் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடும் நெசவுத்துணியைப் போலன்றி, பின்னல்துணி கண்ணிகளால், அதாவது ஒன்றோடொன்று கோத்த நூல் வளையங்களால், ஆனது. இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் உருமாறி இடம் கொடுக்கும். சாதாரணப் பருத்திப் பின்னலும் நன்றாகவே நீளும். திரும்பி வருவதில்தான் தோற்றுப்போகும். முழங்காலை மடக்கும்போது அங்குள்ள தோல் நீளவாட்டில் 35 முதல் 45 விழுக்காடுவரை நீள்கிறது. துணி அதற்கு ஈடுகொடுத்து நீண்டு, காலை நீட்டியதும் மீளாவிட்டால் முட்டிப் பகுதி உப்பித் தொங்கும். விளையாட்டுடையை உடல் அளவைவிடச் சிறியதாக வெட்டித் தைப்பதே இந்த மீட்சியை நம்பித்தான்.

அதனால் பருத்தி அல்லது பாலியெஸ்டர் நூலோடு மெல்லிய ஸ்பான்டெக்ஸ் இழையை இழுத்துப்பிடித்த நிலையில் செலுத்தி, இரண்டையும் ஒரே கண்ணியாகப் பின்னுகிறார்கள். செலுத்தும் இழுவிசை சீராக இல்லையென்றால் துணியின் அகலமும் எடையும் இடத்துக்கு இடம் மாறும். பின்னியபின் துணியை விரித்துப் பிடித்து, சுமார் 180 முதல் 195 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிலைப்படுத்துவார்கள். வெப்பம் போதாவிட்டால் வெட்டிய ஓரங்கள் சுருண்டுகொள்ளும், தைத்த உடை சுருங்கும். மிகுந்தால் இழையின் மீட்சியே போய்விடும். இழையின் அளவை ஏற்றிக்கொண்டே போவதும் தீர்வாகாது. உடலை இறுக்கும், துணியும் கனக்கும். நல்ல துணியை நீட்டிப் பார்த்து மட்டும் அறிய முடியாது. பலமுறை நீட்டிவிட்டு, எவ்வளவு மீள்கிறது என்று அளக்க வேண்டும்.

தமிழில் ‘நெகிழிழை’ என்று சொல்லத் தோன்றலாம். அது பொருந்தாது. நெகிழி என்றாலே பிளாஸ்டிக் நினைவுக்கு வருகிறது. அதைவிட முக்கியமாக, நெகிழ்தல் என்பது தளர்ந்து கழல்வது. சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்கிறது. உடை எதைச் செய்யக்கூடாதோ அதையே பெயராக வைப்பதா? பள்ளி இயற்பியல் நூல்கள் ‘மீட்சி’ என்ற சொல்லை ஏற்கெனவே பழக்கியிருக்கின்றன.  ஆகவே இழைக்கு ‘மீளிழை’, அது சேர்ந்த துணிக்கு ‘மீள்பின்னல்’ என்பவை என் தேர்வு. நீளத்திலும் அகலத்திலும் நீண்டு மீளும் துணியை ‘இருவாட்டு மீள்பின்னல்’ எனலாம். சீட்டில் ‘பாலியெஸ்டர் 88%, மீளிழை 12%’ என்று அச்சிட்டால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.