மிசோரம் மலைக்கு ரேஷன் அரிசி: ரயில் எதுவரை, பொறுப்பு யாருக்கு?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 மலைக்கும் சமவெளிக்கும் ஒரே அளவைத்தான் வைத்திருக்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் தலைக்கணக்கு பார்க்காமல் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இதற்குக் காசும் கிடையாது. மலைக்கும் சமவெளிக்கும் வேறுபடுவது அரிசி வந்துசேரும் வழிதான்.

மிசோரத்துக்கான ரயில் அசாமின் லும்டிங்–பதர்பூர் மலைப்பாதையில் வர வேண்டும். மிசோரம்–அசாம் எல்லையருகே உள்ள பைரபி வரை அகலப்பாதை போட்டபின், 2016 மார்ச்சில் அங்கே வந்த சரக்கு ரயிலில் 42 வேகன்கள், சுமார் 2,600 டன் அரிசி. 50 கிலோ மூட்டையாக எண்ணினால் 52,000 மூட்டை. இதையே 10 டன் லாரியில் ஏற்றினால் 260 நடை. 2025 செப்டம்பரில் பாதை ஐஸ்வால் அருகே உள்ள சாய்ராங் வரை நீண்டது: 51.38 கி.மீ., வழியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள்.

ரயில் நின்ற இடத்தில் கிராமம் இல்லை. அங்கிருந்து பொறுப்பு கைமாறிக்கொண்டே போகும். ரேக்கை, அதாவது முழுச் சரக்கு ரயிலை, கொண்டுவந்து தன் கிட்டங்கியில் இறக்குவது இந்திய உணவுக் கழகத்தின் வேலை. இறக்குவதற்குத் தந்த நேரம் தாண்டினால் ரயில்வே தாமதக் கட்டணம் போடும். சுமைக்கூலி ஆட்களோ லாரியோ போதாத சிறு நிலையங்களில் இது அடிக்கடி வரும் தலைவலி. கிட்டங்கியிலிருந்து மலைக்குள் இருக்கும் முதன்மை விநியோக மையங்களுக்கு மாநில அரசு லாரியில் கொண்டுபோகிறது. அந்தச் செலவை மலைப் போக்குவரத்து மானியத்தின் கீழ் உணவுக் கழகம் திருப்பித் தருகிறது. முதலில் மாநிலம் செலவழித்துவிட்டு, பில்லோடு கேட்டு வாங்க வேண்டும். பில் தேங்கினால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தேங்கும், அடுத்த மாதம் லாரி கிளம்பாது. கடையில் "ரயில் வரவில்லை" என்று சொல்லும்போது இதையும் சேர்த்து விசாரிப்பது நல்லது.

அதற்கு அப்பால், கடை வாசல் வரை மூட்டையைச் சேர்ப்பதும் சட்டப்படி மாநிலத்தின் கடமை. கடைக்காரரே தன் செலவில் ஜீப் பிடித்து ஏற்றிவந்து, அந்தக் கூலியை அட்டைதாரரிடம் வாங்குவது விதிமீறல். இந்தக் கடைசிக் கட்டச் செலவிலும் கடைக்காரர் கமிஷனிலும் 2015 விதிகளின்படி மலை மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதம் தருகிறது. மற்ற மாநிலங்களுக்கு 50.

வழியே அடைந்தால்? 2022 மே மாதம் மண்சரிவு அந்த லும்டிங்–பதர்பூர் பாதையில் உள்ள நியூ ஹாஃப்லாங் நிலையத்தையே மூடியது. திரிபுரா, மிசோரம், மணிப்பூர், அசாமின் பராக் பள்ளத்தாக்கு நான்குக்கும் ரயில் நின்று, ஜூலையில்தான் பாதை திறந்தது. மழைக்கு முன்பே சில மாத ஒதுக்கீட்டைச் சேர்த்து எடுத்து மலைக்குள் இருப்பு வைப்பது இதற்காகத்தான். இருப்பு வைக்காமல் விட்டுவிட்டு இயற்கையின் மேல் பழி போடுவது எளிது. சட்டத்தின் 44-ஆம் பிரிவு போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே அரசுக்குப் பொறுப்பிலிருந்து விலக்குத் தருகிறது. மண்சரிவு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை.

அரிசி கிடைக்காத மாதத்துக்குப் பணம் கேட்கலாம். 8-ஆம் பிரிவு சொல்லும் உணவுப் பாதுகாப்புப் படி (உதவித்தொகை) இது. தானியத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலையை 1.25 ஆல் பெருக்கி, சட்ட அட்டவணையில் உள்ள விலையைக் கழித்து, கிடைக்காத கிலோவால் பெருக்கினால் தொகை வரும். கடைக்கே போகாதவருக்கு இது கிடையாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: கடை காலி என்று அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்த மாதத்துக்குள் அட்டையோடு கடைக்குப் போய், சரக்கு இல்லை என்பதை எழுத்தில் பதிய வையுங்கள். அட்டை எண், மாதம், வராத கிலோ மூன்றையும் குறித்து மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடம் மனு கொடுங்கள். 1967 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். அலுவலரின் முடிவு ஒப்பாவிட்டால் மாநில உணவு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.