கால் வலிக்கு எரிமலை மட்டும் காரணமில்லை

சுங்கை சிப்புட்டில் கிளினிக் வைத்திருக்கிறேன். டிசம்பர் முடிந்தால், பாலிக்குப் போய் வந்தவர்கள் ஒருவர் இருவராவது காய்ச்சலோடு வருவார்கள். கடைசியாக வந்தவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. "கெண்டைக்காலைத் தொட முடியல டாக்டர். பாத்தூர் எரிமலை ஏறினோம்ல, அதான்" என்றார்.

பாத்தூர் 1,717 மீட்டர். சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே ஏறுவார்கள். பழக்கமில்லாத கால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலி மிஞ்சினால் ஒரு வாரம். இவர் ஏறிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கண்ணும் சிவந்திருந்தது, பீளை இல்லை.

"மலைக்கு அப்புறம் எங்கே போனீங்க?"

தெகெனுங்கான் அருவிக்கு. சப்பாத்து கடித்த கொப்புளத்தோடு, மழையில் கலங்கிய தண்ணீரில் ஒரு மணி நேரம். பாலியில் டிசம்பர் மழைக்காலம்.

டிங்கிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. வந்திருந்தது லெப்டோஸ்பைரோசிஸ், மலாயில் கென்சிங் தீக்குஸ் (எலிச் சிறுநீர்) என்றால்தான் நம் ஊரில் புரியும். எலி முதலான பிராணிகளின் சிறுநீரில் இருக்கும் கிருமி, மழையோடு ஆற்றில் கலந்து, புண், கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போகிறது. காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும். சிலருக்கு 30 நாள்கூட ஆகும். அதற்குள் பயணப்பை அலமாரி மேல் ஏறியிருக்கும், அருவி யாருக்கும் ஞாபகம் வராது. ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். பனடோலை விழுங்கி நாளைத் தள்ளினால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் வரை போய்விடலாம். அதனால் காய்ச்சலென்று வந்தால், கேட்காவிட்டாலும் எங்கே போனீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு எலி புதிதில்லை. பூட்ஸ் இல்லாமல் செம்பனைக்குள் கால் வைக்காதவர்தான் லீவில் வெறுங்காலோடு அருவியில் நிற்கிறார். அருவித் தண்ணீர் என்றால் சுத்தம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை! புண் இருந்தால் இறங்காதீர்கள், கனமழைக்கு மறுநாளும் வேண்டாம்.

இன்னொன்று, பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. நாயோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால்கூட, 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அங்கேயே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அப்படியே படகேறி ஜாவாவின் ஈஜென் எரிமலைக்கும் போகிறவர்கள், ஆஸ்துமா இருந்தால், பள்ளத்தில் இறங்கவே வேண்டாம். அங்கே கந்தகப் புகை.

லாரிக்காரர் ஒரு வாரம் கழித்து வந்தார். கண்ணில் சிவப்பு போயிருந்தது. "செகும்புல் அருவியை விட்டுட்டோம் டாக்டர், அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தார். "முதல்ல சப்பாத்தைக் கழற்றுங்க, கொப்புளத்தைப் பார்க்கணும்" என்றேன்.