'பணி' வேண்டாம், 'காரியம்' போதும்

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் இப்படி ஒரு தலைப்பு விழுந்தது: 'மெய்நிகர் உண்மை வாயிலான பணி அடிப்படையிலான மொழி கற்பித்தல்'. பக்கத்தில் இருந்தவர் என் காதோடு கேட்டார்: "கருணை அடிப்படைன்னு பணி குடுப்பாங்களே, அது மாதிரியா சார்?" சிரித்து வைத்தேன். ஆனால் இந்தப் 'பணி அடிப்படை'யை இந்த வருஷம் நான் கேட்பது நாலாவது தடவை.

தலைப்பில் 'பணி' என்று வந்தது டாஸ்க் என்ற ஆங்கிலச் சொல்லுக்காக. அது, வரியைக் குறிக்கும் டாக்ஸ் பிறந்த அதே லத்தீன் வேரில் பிறந்தது. மேலிருந்து சுமத்திய வேலை என்பது பழைய பொருள். சரி, வேர் இவ்வளவு போதும்.

மொழிக் கல்வியில் அதன் பொருள் வேறு: பிள்ளை மொழியைப் பயன்படுத்தி முடிக்க வேண்டிய ஒரு வேலை. மொழிக் கல்வி அறிஞர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலான ஊர்ப் பள்ளிகளில் நடத்திய சோதனையை இந்த முறையின் முன்னோடி என்பார்கள். ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, இத்தனை மணிக்குள் அந்த ஊர் போக எந்த வண்டியில் ஏறுவாய் என்று கேட்பது அவர் பாணி. பிள்ளையின் கவனம் முழுக்க வண்டியில் இருக்கும். இலக்கணம் தன் போக்கில் உள்ளே இறங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. வண்டியைச் சரியாகப் பிடித்தானா என்றுதான் பார்க்க வேண்டும். அன்று காகிதத்தில் இருந்த அட்டவணை இன்று கண்ணில் மாட்டும் மெய்நிகர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) கருவிக்குள் ரயில் நிலையமாகவே விரிகிறது. பிள்ளை கவுன்ட்டருக்குப் போய்ச் சீட்டுக் கேட்கலாம். உளறினாலும் கூடப் படிக்கிறவன் சிரிக்க மாட்டான்.

இதற்கா 'பணி'? பணிதலும் பணிவிடையும் அந்தச் சொல்லின் உறவுக்காரர்கள். அலுவலகத் தமிழில் பணி நியமனம், பணி மூப்பு, பணி ஓய்வு என்று அது நாற்காலியை விட்டே எழுந்திருக்காது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தொல்லை இன்னும் ஒன்று கூடுதல். மலையாளத்தில் 'பணி கிட்டி' என்றால் வசமாக மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். வீட்டில் தமிழும் கடையில் மலையாளமுமாக வளரும் பிள்ளையிடம் 'உனக்கு ஒரு பணி தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

'செயல்' என்று வைக்கலாமே என்பார் சிலர். 'செயல்வழிக் கற்றல்' தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அட்டையும் ஏணிப்படியுமாக வந்த வேறொரு முறைக்கு ஏற்கெனவே பட்டா ஆகிவிட்டது. தவிர, செயலுக்கு முடிவு வேண்டியதில்லை. படத்துக்கு வண்ணம் தீட்டுவதும் செயல்தான், சும்மா கைதட்டுவதும் செயல்தான்.

நான் கேட்பது 'காரியம்'. 'ஒரு காரியமாகப் பொள்ளாச்சி வரை போனேன்' என்கிறோம். திரும்பி வந்தால் 'போன காரியம் ஆச்சா?' என்றுதான் முதல் கேள்வி. எந்த மொழியில் பேசினாய், வேற்றுமை உருபு சரியாக வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பிரபு சொன்னதும் அதுதானே? மலையாளத்திலும் காரியம் உண்டு, அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் சிரிக்காது. வடசொல்லாச்சே என்று தனித்தமிழ் அன்பர்கள் வருந்துவார்கள். பேருந்தையும் கணினியையும் மகிழ்ந்து ஏற்றவன்தான் நானும். ஆனால் தூய்மையான சொல் தப்பான பொருளைச் சுமந்து வந்தால் அதை வைத்து நான் என்ன செய்ய? பதினாறாம் நாள் காரியம் நினைவுக்கு வராதா என்றும் கேட்கிறார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவருக்கும் பொள்ளாச்சிக்குப் போகிறவருக்கும் இதுவரை குழப்பம் வந்ததில்லை.

அப்புறம் அந்த 'மெய்நிகர் உண்மை'. மெய் என்றாலே உண்மை. உண்மைக்கு நிகரான உண்மை என்பது என்ன பேச்சு? 'மெய்நிகர்' மட்டும் போதும். எல்லைக்கு இந்தப் பக்கம், மலையாளத்தில், மெய்நிகருக்குப் 'பிரதீதி' என்கிறார்கள். வெறும் தோற்ற உணர்வு என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது. நம்மவர்களோ ஆங்கிலத் தலைப்பைச் சொல் சொல்லாக உரித்து, இடைவெளியில் 'வாயிலான', 'அடிப்படையிலான' என்று சிமென்ட் பூசுகிறார்கள்.

'மெய்நிகர் வெளியில் காரியவழி மொழிப்பாடம்' என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளர் படித்துப் பார்த்து, "கலைச்சொல் பட்டியல்ல பணின்னுதான் இருக்கு சார்" என்று பையில் போட்டுக்கொண்டார். அடுத்த படம் வந்தது: பணிக்கு முந்தைய நிலை, பணி நிலை, பணிக்குப் பிந்தைய நிலை.

"கடைசி நிலை பென்ஷன்தானே சார்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.